எங்கள் பக்கமா, எதிரிகள் பக்கமா? போரும் கடவுளின் சித்தமும்: கிறிஸ்தவ நம்பிக்கை பற்றி ஓர் எளிய விளக்கம்

உலகத்தின் எந்த மூலையில் போர் மூண்டாலும் கிறிஸ்தவர்கள் நடுவே இரண்டு பேச்சு எழும். “எல்லாம் அவர் சித்தம், நாம் என்ன செய்ய முடியும்?” என்பது ஒன்று. “கடவுள் அன்பானவர் என்றால் இதையெல்லாம் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறார்?” என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்கிறவர் ஆறுதல் தேடுகிறார். இரண்டாவதைக் கேட்கிறவருக்கு மனசு பொறுக்கவில்லை. இரண்டு பேரிடமும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் போரையும் கடவுளையும் சேர்த்துப் பேசும்போது கிறிஸ்தவ நம்பிக்கை உண்மையில் என்ன சொல்கிறது என்பது இரண்டு பேச்சிலுமே பாதிதான் வருகிறது.

வேதாகமத்தில் ஒரு சின்னச் சம்பவம் இருக்கிறது. மொத்தமே மூன்று வசனம். அதிலிருந்து தொடங்குவோம்.

இஸ்ரவேலரின் தலைவன் யோசுவா தன் மக்களோடு யோர்தான் நதியைக் கடந்து வந்துவிட்டான். எதிரே கானான் நாட்டின் எரிகோ பட்டணம், மதில் சூழ நிற்கிறது. போருக்கு முன்னால் அந்த வெளியில் அவன் நின்றபோது, கையில் உருவின பட்டயத்தோடு ஒருவர் எதிரே நிற்பதைப் பார்க்கிறான். ஒரு படைத் தளபதி என்ன கேட்பானோ அதைத்தான் கேட்கிறான்: “நீர் எங்களைச் சேர்ந்தவரோ, எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவரோ?” வந்த பதில்: “அல்ல, நான் கர்த்தருடைய சேனையின் அதிபதியாய் இப்பொழுது வந்தேன்.”

“உங்களைச் சேர்ந்தவன்தான்” என்று அவர் சொல்லவில்லை. இத்தனைக்கும் யோசுவாவைக் கடவுளே அனுப்பியிருந்தார். அப்படியும் பதில் “அல்ல” என்று வருகிறது. யோசுவா முகங்குப்புற விழுந்து, “என் ஆண்டவர் தமது அடியானுக்கு என்ன சொல்கிறார்?” என்று கேட்கிறான். அவனுக்குக் கிடைத்த முதல் கட்டளை போர்த்திட்டம் அல்ல. காலிலிருக்கிற பாதரட்சையைக் கழற்று, நீ நிற்கிற இடம் பரிசுத்தமானது என்பதுதான்.

“போர்களின் நடுவிலும் கடவுளின் நோக்கம் நிறைவேறும்” என்பது ஒரு வாக்கியம். “கடவுள் எங்கள் பக்கம், இது அவருடைய போர்” என்பது வேறொரு வாக்கியம். முதலாவது கிறிஸ்தவ நம்பிக்கை. இரண்டாவதைச் சொல்ல வேதாகமமே நம்மைத் தயங்க வைக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால் வந்த அழிவு கொஞ்சநஞ்சமல்ல.

சித்தம், அனுமதி, நோக்கம்

புராட்டஸ்டன்ட் சபைகளில் சித்தம் என்பார்கள், கத்தோலிக்கர்கள் திருவுளம் என்பார்கள். சொல் எதுவானாலும், அதற்குள் குறைந்தது மூன்று விஷயங்கள் அடங்கியிருக்கின்றன.

கடவுள் விரும்புகிறது ஒன்று. கொலை செய்யாதே, பகைவரை நேசி, சமாதானம் பண்ணு என்பவை அவருடைய விருப்பம். கடவுள் விட்டுவைக்கிறது இன்னொன்று. மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கிறார், அவன் அதைக் கொண்டு பட்டயம் எடுத்தாலும் உடனே கையைப் பிடித்துத் தடுப்பதில்லை. இதைத்தான் அனுமதி என்கிறார்கள். அப்புறம், மனிதன் செய்த தீமை அவன் நினைத்த இடத்திலேயே முடிந்துவிடாதபடி, அதற்குள்ளிருந்தும் ஒரு நன்மையைக் கடவுள் கொண்டுவருகிறார். அதுதான் நோக்கம்.

யோசேப்பின் கதை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அண்ணன்மார் பொறாமைப்பட்டு அவனைக் குழியில் போட்டு, இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். வருஷங்கள் கழித்து அவன் எகிப்தின் அதிபதியாகி, பஞ்சத்தில் அதே அண்ணன்மாருக்குச் சோறு போட்டான். அப்போது அவன் சொன்னதன் சாரம்: நீங்கள் எனக்குத் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார். இங்கே கவனிக்கவேண்டியது, அண்ணன்மார் செய்தது நல்ல காரியம் என்று யோசேப்பு சொல்லவில்லை. தீமையைத் தீமை என்றே சொல்கிறான். கடவுள் நன்மையாக முடித்தார் என்பதால் விற்றவர்களின் குற்றம் ஒரு காசளவும் குறையவில்லை. இன்னொன்றும் உண்டு. இதைச் சொன்னது அடிபட்டவன். அடித்தவர்கள் யாரும் “உன்னை விற்றதும் கடவுள் சித்தம்தானே” என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய கொடுமையாக இருந்திருக்கும்!

போரைப் பற்றி யார் “இது கடவுளின் நோக்கம்” என்று சொன்னாலும், சொல்கிறவர் அடித்தவரா, அடிபட்டவரா என்று முதலில் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து.

பழைய ஏற்பாட்டின் போர்கள்

பழைய ஏற்பாட்டில் போர் நிறைய இருக்கிறது. “கர்த்தரே யுத்தத்தில் வல்லவர்” என்று செங்கடலைக் கடந்தவர்கள் பாடுகிறார்கள். “யுத்தம் கர்த்தருடையது” என்று தாவீது கோலியாத்திடம் சொல்கிறான். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இது நெருடலாக இருக்கும். ஆனால் அந்தக் கதைகளை உட்கார்ந்து முழுதாகப் படித்தால் ஒரு விசித்திரம் தெரியும். மற்ற நாட்டுக் கல்வெட்டுகளில் ராஜாக்கள் தங்கள் படைபலத்தைக் கூட்டிச் சொல்வார்கள். இங்கே கடவுள் படையைக் குறைத்துக்கொண்டே போகிறார். கிதியோன் என்ற இஸ்ரவேல் தலைவனிடம் 32,000 பேர் இருந்தார்கள். பயப்படுகிறவன் வீட்டுக்குப் போகலாம் என்றதும் 22,000 பேர் திரும்பிப்போனார்கள். மிச்சம் 10,000. அதுவும் அதிகம் என்று தண்ணீர்க்கரையில் இன்னொரு சோதனை வைத்து 300 பேரை மட்டும் நிறுத்திக்கொள்கிறார். காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது: என் கையே என்னைக் காப்பாற்றியது என்று இஸ்ரவேல் பெருமை பேசக்கூடாது. ஆக “யுத்தம் கர்த்தருடையது” என்றால், அது உன்னுடையதல்ல, வெற்றிக்கு உரிமை கொண்டாடாதே என்று அர்த்தம்.

இதற்கு நேர் எதிரான கதை சாமுவேலின் முதல் புத்தகம் 4ஆம் அதிகாரத்தில் வருகிறது. பெலிஸ்தர் என்ற எதிரி இனத்தாரோடு நடந்த சண்டையில் இஸ்ரவேலர் 4,000 பேரை இழந்தார்கள். மூப்பர்கள் கூடி யோசித்தார்கள். கடவுளின் பிரசன்னத்துக்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியைச் சீலோ என்ற ஊரிலிருந்து கொண்டுவருவோம், அது நம் நடுவில் இருந்தால் தப்பித்துவிடலாம் என்றார்கள். பெட்டி பாளயத்துக்குள் வந்ததும் பூமி அதிரும்படி ஆர்ப்பரித்தார்கள். அடுத்த சண்டையில் 30,000 பேர் விழுந்தார்கள். பெட்டியையே எதிரிகள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சேதி கேட்ட கிழ ஆசாரியன் ஏலி ஆசனத்திலிருந்து விழுந்து கழுத்து முறிந்து இறந்தான். நிறைமாதமாக இருந்த அவன் மருமகள் பிள்ளையைப் பெற்று, “மகிமை இஸ்ரவேலை விட்டுப் போயிற்று” என்று சொல்லி இக்கபோத் என்று பேர் வைத்துவிட்டுச் செத்துப்போனாள். கடவுளைத் தூக்கிக்கொண்டு போர்க்களத்துக்குப் போனவர்களின் கதை இது. நான் எத்தனை முறை படித்தாலும் அந்தத் தாயின் குரல் மனசை விட்டு அகல்வதில்லை.

தீர்க்கதரிசிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கடவுள் தன் மக்களுக்கு எதிராகவே ஒரு படையை அனுப்பக்கூடும் என்றார்கள். அசீரியாவைக் கடவுளின் கோபத்தின் கோல் என்கிறார் ஏசாயா. கி.மு. 722 வாக்கில் அந்த அசீரியாதான் சமாரியாவை வீழ்த்தி இஸ்ரவேலின் வடக்கு ராஜ்யத்தை அழித்தது. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரைக் கடவுள் “என் ஊழியக்காரன்” என்று சொல்வதாக எரேமியா எழுதுகிறார். கி.மு. 586இல் எருசலேமையும் தேவாலயத்தையும் சுட்டெரித்தவன் அவன். அந்தக் காலத்து எருசலேம்வாசி ஒருவருக்கு இது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எரேமியாவைத் துரோகி என்றார்கள், சேறு நிறைந்த துரவில் இறக்கினார்கள்.

சரி, அப்படியானால் அசீரியா கடவுளின் கருவி, அது செய்ததெல்லாம் நியாயம் என்றாகிவிடுமா? அசீரியாவைக் கோல் என்று சொன்ன அதே 10ஆம் அதிகாரத்தில் ஏசாயா இதற்குப் பதில் சொல்லிவிடுகிறார். அசீரிய ராஜாவின் மனதில் கடவுளின் நோக்கம் எதுவும் இல்லை. அழிக்கவேண்டும், கொள்ளையிடவேண்டும் என்பதுதான் அவன் எண்ணம். வெட்டுகிறவனுக்கு எதிராகக் கோடரி பெருமை பாராட்டலாமா என்று கேட்டுவிட்டு, அவனுடைய அகந்தைக்கு அவனும் தண்டிக்கப்படுவான் என்கிறார். கருவியாகப் பயன்பட்டவனும் கணக்குக் கொடுத்தாகவேண்டும். யோசேப்பின் அண்ணன்மார் கதைதான் இங்கே தேசங்களின் அளவில் நடக்கிறது.

ஆபகூக் என்ற தீர்க்கதரிசிக்கு இந்த விளக்கமும் போதவில்லை. எங்கள் மக்கள் தப்பு செய்தார்கள், சரி, ஆனால் எங்களைவிடப் பொல்லாதவனைக் கொண்டா எங்களைத் தண்டிப்பீர் என்று கடவுளிடமே வழக்காடுகிறார். அந்த வழக்காடலும் வேதாகமத்தில் இடம்பெற்றிருக்கிறது. கடவுளிடம் இப்படிக் கேட்கக்கூடாது என்று யாராவது உங்களை அடக்கினால், ஆபகூக்கின் முதல் அதிகாரத்தை எடுத்துக் காட்டுங்கள்.

கானான்: தாண்டிப்போக முடியாத இடம்

இதுவரை சொன்னதை ஒருவிதமாக ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் எரிகோ? “அல்ல” என்ற பதிலுக்கு அடுத்த அதிகாரத்திலேயே மதில் விழுகிறது. ஆண், பெண், வாலிபர், கிழவர் என்று எல்லாரையும் பட்டயத்துக்கு இரையாக்கினார்கள் என்று எழுதியிருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் இதற்குச் ‘சங்காரம்’ என்ற சொல் வருகிறது. மூல எபிரெயச் சொல் ஹேரெம். முழுவதையும் கடவுளுக்கென்று ஒதுக்கி அழித்துவிடுவது. நேர்மையான எந்தக் கிறிஸ்தவருக்கும் இந்த இடம் வலிக்கும். வலிக்கவில்லை என்கிறவரிடம் எனக்குப் பேச்சில்லை.

இதற்குச் சபை வரலாற்றில் பல விளக்கங்கள் உண்டு. கானானியரின் பாவத்துக்கு வந்த நியாயத்தீர்ப்பு இது, ஒரே ஒரு காலத்துக்கும் இடத்துக்கும் மட்டும் உரியது, வேறு யாரும் இதை எடுத்துப் பயன்படுத்த முடியாது என்பது பழைய விளக்கம். இரண்டாம் மூன்றாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஓரிகன், இவை நம் உள்ளத்தில் இருக்கும் பாவங்களோடு நடத்தும் போரைக் குறிக்கின்றன என்று உருவகமாகப் படித்தார். இக்கால அறிஞர்கள் பலர் அந்தக் காலத்துப் போர் எழுத்தின் பாணியைச் சுட்டுகிறார்கள். கி.மு. 9ஆம் நூற்றாண்டு மோவாப் ராஜா மேசா ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறான். அதில் அவனும் இதே ஹேரெம் சொல்லைப் பயன்படுத்துகிறான், இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்துபோயிற்று என்று பெருமை பேசுகிறான். இஸ்ரவேல் அழியவில்லை என்பது நமக்குத் தெரியும். யோசுவா புத்தகத்திலும் அப்படித்தான். ஒரு இடத்தில் யாரும் மீதியாயிருக்கவில்லை என்று இருக்கும், அடுத்து நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தைத் திறந்தால் கானானியர் அங்கேயே குடியிருப்பார்கள். அகழ்வாய்வுகளும், குறிப்பாக 1950களில் கேத்லீன் கென்யன் எரிகோவில் செய்தது, கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்வதைக் கடினமாக்கியிருக்கின்றன.

இந்த விளக்கங்களில் எதுவும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கும் ஒன்று என்னை நிறுத்திவிடுகிறது. எரிகோவில் உயிரோடு தப்பியவள் ராகாப், அந்த ஊர் வேசி, கானானியப் பெண். அவளோடு அவள் குடும்பமும் தப்பியது. அடுத்த அதிகாரத்தில் கொள்ளைப்பொருளை ஒளித்துவைத்து அழிந்துபோனவன் ஆகான், யூதா கோத்திரத்தான். மதிலுக்கு உள்ளே இருந்தவள் பிழைத்தாள், வெளியே இருந்தவன் செத்தான். பக்கம் பார்க்காத அந்த “அல்ல” கதை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பின்னால் மத்தேயு எழுதிய இயேசுவின் வம்சவரலாற்றில் ராகாபின் பேரும் வருகிறது.

தாவீதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கடவுளுக்குப் பிரியமான ராஜா, அவர் பேரால் எத்தனையோ போர் செய்தவன். ஆலயம் கட்ட ஆசைப்பட்டான். கிடைத்த பதில்: நீ மிகுதியான இரத்தத்தைச் சிந்தினாய், நீ கட்டவேண்டாம். கடவுள் பேரால் சிந்திய இரத்தமும் கையில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இயேசுவும் பட்டயமும்

கெத்செமனே தோட்டத்தில் நடந்ததைப் பார்த்தால் போதும். ராத்திரி நேரம், தீப்பந்தங்களோடும் ஆயுதங்களோடும் கூட்டம் வருகிறது. பேதுரு பட்டயத்தை உருவி மல்குஸ் என்ற வேலைக்காரனின் வலது காதை வெட்டிவிடுகிறான். உலகத்தில் நியாயமான சண்டை என்று ஒன்று இருக்குமானால், குற்றமே செய்யாத ஒருவரைக் காப்பாற்ற எடுத்த இந்தப் பட்டயம்தான் அது. இயேசு அதைத் திரும்ப உறையில் போடச் சொல்கிறார். “பட்டயத்தை எடுக்கிற யாவரும் பட்டயத்தால் மடிந்துபோவார்கள்.” தான் கேட்டால் பன்னிரண்டு லேகியோனுக்கு (ரோமப் படைப்பிரிவுக்கு) அதிகமான தூதர்கள் வருவார்கள் என்றும் சொல்கிறார். வெட்டுப்பட்டவனின் காதைத் தொட்டுக் குணமாக்கினார் என்று லூக்கா எழுதுகிறார். கைதாவதற்கு முன் அவர் கடைசியாகச் செய்த அற்புதம் தன்னைப் பிடிக்க வந்தவனுக்குத்தான்.

மறுநாள் சிலுவை. மனிதனின் தீமையும் கடவுளின் நோக்கமும் ஒன்றாகச் சந்தித்த இடம் அதுதான் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். தண்டனை விதித்த ரோம ஆளுநர் பிலாத்துவின் அநியாயம் அநியாயமே. ஆனால் அதற்குள் கடவுள் உலகத்தை மீட்டார். அடிபட்டவர் பக்கத்தில் நின்று மீட்டார். போருக்குள் கடவுளின் நோக்கம் எங்கே என்று தேடுகிறவர்கள் சிலுவையை விட்டுவிட்டு வேறெங்கே தேடினாலும் வழிதப்பிவிடுவார்கள்.

புதிய ஏற்பாட்டில் போர்வீரர்கள் வெறுக்கப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தீர்க்கதரிசி யோவான்ஸ்நானனிடம் வந்த போர்ச்சேவகர்களிடம், ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதிருங்கள், உங்கள் சம்பளமே போதும் என்றிருங்கள் என்றுதான் சொல்லப்பட்டது. வேலையை விடச் சொல்லவில்லை. நூற்றுக்கு அதிபதியான ரோமப் படை அதிகாரி ஒருவனின் விசுவாசத்தைப் பார்த்து இயேசு வியந்தார். அதிகாரி வீணாகப் பட்டயத்தைப் பிடித்திருக்கவில்லை என்று ரோமர் 13இல் பவுல் எழுதுகிறார். இதையும், பகைவரை நேசிக்கச் சொல்லும் இயேசுவின் மலைப்பிரசங்கத்தையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதில்தான் சபைகள் பிரிகின்றன.

சபை நடந்த பாதை

முதல் மூன்று நூற்றாண்டுகளில் பெரிய போதகர்கள் பலரும் கிறிஸ்தவன் கொல்லக்கூடாது என்றே எழுதினார்கள். கி.பி. 295இல் வட ஆப்பிரிக்காவின் தெவெஸ்தே நகரில் மாக்சிமிலியன் என்ற 21 வயது வாலிபனைப் படையில் சேர்க்கக் கூட்டிவந்தார்கள். அவன் அப்பாவே பழைய படைவீரர். “நான் கிறிஸ்தவன், என்னால் சேவிக்க முடியாது” என்றான். அரசர்களின் காவல்படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே என்று ஆளுநர் கேட்டார். தங்களுக்கு எது தகும் என்று அவர்களுக்குத் தெரியும், என்னால் தீமை செய்ய முடியாது என்றான் அவன். அன்றைக்கே தலையை வெட்டினார்கள். ஒரே காலத்தில் படையில் இருந்த கிறிஸ்தவர்களும் உண்டு, மறுத்துச் செத்த கிறிஸ்தவனும் உண்டு என்பதை அந்த உரையாடலே காட்டுகிறது.

312இல் மில்வியன் பாலத்துப் போரில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வென்றார், வெற்றியைக் கிறிஸ்துவுக்கு உரியதாக்கினார். சிலுவை படையின் அடையாளத்துக்குள் வந்தது அப்போதுதான். அதன் பிறகு பேரரசைக் காக்கும் பொறுப்பு கிறிஸ்தவர்களிடமே வந்துவிட்டது. எல்லையில் எதிரி நிற்கும்போது என்ன செய்வது? இதற்குப் பதில் தேடியதில் பிறந்ததுதான் ‘நியாயமான போர்’ என்ற கொள்கை. வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின் அடித்தளம் போட்டார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனாஸ் மூன்று நிபந்தனைகளாக வகுத்தார்: உரிய அதிகாரம் உள்ளவர் அறிவிக்கவேண்டும், நியாயமான காரணம் இருக்கவேண்டும், நன்மையை நாடும் எண்ணம் இருக்கவேண்டும். வேறு வழியே இல்லாதபோதுதான் என்பதும், அப்பாவி மக்களைத் தாக்கக்கூடாது என்பதும் அந்த மரபிலேயே நிலைத்த விதிகள். இந்தக் கொள்கையைப் போருக்கு அனுமதிச்சீட்டு என்று பலர் நினைக்கிறார்கள். ஞானமுள்ளவன் நியாயமான போரைக்கூடத் துக்கத்தோடுதான் நடத்துவான் என்று எழுதியவர் அகஸ்டின். கடிவாளம் என்று சொல்வதே பொருத்தம்.

கிழக்கத்திய சபை இன்னும் தயங்கியது. 4ஆம் நூற்றாண்டின் ஆயர் பசிலியார், போரில் கொன்றவர்கள் மூன்று வருஷம் நற்கருணை வாங்காமல் இருப்பது நல்லது என்று ஆலோசனை சொன்னார். 10ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் நிகெபோரஸ் போக்காஸ், போரில் செத்தவர்களையெல்லாம் இரத்தசாட்சிகளாக அறிவிக்கச் சொன்னார். தலைமை ஆயர் பொலியூக்தஸ் பசிலியாரின் இந்த விதியை எடுத்துக்காட்டி மறுத்துவிட்டார். பேரரசரிடமே முடியாது என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

மேற்கிலும் அந்த நெருடல் இருந்தது. 1066இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மானியருக்குப் போப்பின் ஆதரவு இருந்தது. அப்படியிருந்தும், போர் முடிந்து சில வருஷத்துக்குள் ஆயர்கள் அந்த வீரர்களுக்குத் தவம் விதித்தார்கள். கொன்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வருஷம். எத்தனை பேரைக் கொன்றோம் என்று தெரியாதவன் வாழ்நாள் முழுக்க வாரத்தில் ஒரு நாள் தவமிருக்கவேண்டும், அல்லது ஒரு கோயில் கட்டவேண்டும். வென்ற படை, தன் சபையின் ஆசி பெற்ற படை, தலைகளை எண்ணி அழவேண்டும்.

முப்பது வருஷம்கூட ஆகவில்லை, 1095இல் கிளெர்மோன் நகரில் போப் இரண்டாம் உர்பான் எருசலேமை இஸ்லாமியரிடமிருந்து மீட்க அழைப்பு விடுத்தார். சிலுவைப் போர்கள் தொடங்கியது இப்படித்தான். கூட்டம் “இது கடவுளின் சித்தம்” என்று முழங்கியதாக அக்கால எழுத்தர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். போரே தவமாகிவிட்டது. கொன்றதற்குத் தவம் செய்யவேண்டும் என்ற நிலை மாறி, கொல்லப்போவதே பாவப்பரிகாரம் என்றானது. 1096இல் ரைன் நதிக்கரை நகரங்களில் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1099 ஜூலையில் எருசலேம் பிடிபட்டபோது உள்ளே இருந்த இஸ்லாமியரும் யூதரும் பெருந்திரளாக வெட்டப்பட்டார்கள். 1204இல் சிலுவைப் படையினர் கான்ஸ்டான்டிநோபிள் என்ற கிறிஸ்தவ நகரத்தையே சூறையாடினார்கள். அந்த முழக்கத்தில் இருந்த சித்தம் என்ற சொல், யோசுவா கேட்ட “அல்ல” என்ற சொல்லைக் கேட்கவே இல்லை. இதைச் சிலுவை சுமக்கிற சமூகத்தின் பாவம் என்றே சொல்லவேண்டும்.

16ஆம் நூற்றாண்டிலிருந்து மெனோனைட்டுகள், 17ஆம் நூற்றாண்டிலிருந்து குவேக்கர்கள் போன்ற கிறிஸ்தவப் பிரிவினர் பட்டயமே எடுப்பதில்லை என்ற பழைய பாதைக்குத் திரும்பினார்கள். நியாயமான போர்க் கொள்கையை வளர்த்த கத்தோலிக்கத் திருச்சபையும் அணு ஆயுதக் காலத்தில் அதன் கடிவாளத்தை இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. முழு நகரங்களை அழிப்பது கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று 1965இல் அதன் ஆயர்களின் பொதுக்கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது.

இரண்டு பக்கமும் ஜெபித்தபோது

முதல் உலகப் போரில் பல ஜெர்மன் வீரர்களின் இடுப்பு வாரில் “கடவுள் எங்களோடு” என்று பொறித்திருந்தது. எதிர்ப் பதுங்குகுழியில் இருந்தவர்களும் அதே கடவுளிடம்தான் ஜெபித்தார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் இறையியலாளர் அல்ல. எந்தச் சபையிலும் உறுப்பினராகச் சேராத ஆபிரகாம் லிங்கன்.

1862இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவில், யாருக்கும் காட்டாமல் ஒரு சிறு குறிப்பு எழுதினார். பெரிய போராட்டங்களில் இரண்டு தரப்பும் கடவுளின் சித்தப்படி நடப்பதாகச் சொல்கின்றன. இரண்டு பேருமே தவறாக இருக்கலாம், ஒருவராவது தவறாக இருந்தே ஆகவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார். கடவுளின் நோக்கம் இரண்டு தரப்பின் நோக்கத்திலிருந்தும் வேறாக இருக்கக்கூடும் என்ற எண்ணமும் அதில் இருக்கிறது. 1865 மார்ச் 4ஆம் தேதி, போர் ஏறக்குறைய வென்றாகிவிட்ட நேரத்தில், இரண்டாம் முறை பதவியேற்றுப் பேசினார். வெற்றி முழக்கத்துக்காகக் கூடியிருந்த மக்களிடம், இருவரும் ஒரே வேதாகமத்தை வாசிக்கிறோம், ஒரே கடவுளிடம் ஜெபிக்கிறோம் என்றார். அடிமைத்தனம் என்ற பாவத்துக்கு வடக்கும் தெற்கும் சேர்ந்தே பொறுப்பு, இந்தப் போர் இருவர்மேலும் வந்த துயரம் என்றார். அடிமைத்தனம் தவறு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதற்காகக் கடவுளை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளவும் இல்லை. அடுத்த மாதம் அவரைச் சுட்டுக்கொன்றார்கள்.

லிங்கனிடமிருந்து இன்னொன்றும் கற்கலாம். கடவுள் யார் பக்கம் என்று தெரியாது என்பதற்காக நியாயம் எது அநியாயம் எது என்றும் தெரியாது என்று கையை விரித்துவிட முடியாது. ஒடுக்கப்படுகிறவர் யார் என்று பார்க்கக் கண் இருக்கிறது, வேதமும் இருக்கிறது.

போர் வந்தால் உலக முடிவு வந்துவிட்டது என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் கேள்விப்படுவீர்கள் என்று இயேசு சொன்னது உண்மை. அதே மூச்சில் கலங்காதிருங்கள் என்றும், முடிவு உடனே வராது என்றும் சொன்னார். குண்டு விழுந்து செத்தவர்களைப் பார்த்து அவர்கள் பாவத்துக்குக் கிடைத்த கூலி என்று சொல்கிறவர்களுக்கும் அவரிடம் பதில் இருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்றார். அங்கேயும் ஒரு ‘அல்ல’.

முற்றுகைக்குள் ஒரு ஜெபம்

அகஸ்டினிடம் திரும்பி வருகிறேன். 410இல் கோத்தியர் தலைவன் அலாரிக்கின் படை ரோமாபுரியைச் சூறையாடியபோது, கிறிஸ்தவ ரோமை உங்கள் கடவுள் ஏன் காக்கவில்லை என்று ஜனங்கள் கேட்டார்கள். அதற்குப் பதிலாக அவர் எழுத ஆரம்பித்த ‘தேவனின் நகரம்’ என்ற நூல் 22 பாகங்களாக வளர்ந்து, முடிய பதின்மூன்று வருஷம் போலானது. எந்த மனித ராஜ்யமும் கடவுளின் ராஜ்யம் அல்ல, ரோமும் அல்ல என்பது அதன் அடிநாதம்.

430இல் போர் அவர் வாசலுக்கே வந்தது. ஜெர்மானிய இனத்தாரான வண்டால்கள் அவர் ஆயராக இருந்த வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்தைச் சுற்றி வளைத்தார்கள். அந்த வண்டால்களும் வேறு பிரிவைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள்தான். மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் கிறிஸ்துவின் பேரைச் சொல்லி ஜெபம் ஏறியது. அகஸ்டினுக்கு 75 வயது. அவரோடு இருந்த சீடரும் ஆயருமான பொசிதியுஸ், ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அவர் சொன்னதை எழுதிவைத்திருக்கிறார். இந்தப் பட்டணத்தை விடுவிக்கும்படி கடவுளிடம் கேட்கிறேன். அவருக்கு வேறு ஏதாவது நலமாகத் தோன்றினால், அவர் சித்தத்தைத் தாங்கும் பலத்தைத் தம் ஊழியர்களுக்குத் தரட்டும். இல்லையென்றால் என்னை இந்த உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றாராம். எதிரிகள் அழியட்டும் என்று ஒரு வார்த்தை அந்த ஜெபத்தில் இல்லை.

முற்றுகையின் மூன்றாம் மாதம் காய்ச்சலில் படுத்தார். தாவீதின் மனந்திரும்புதலின் சங்கீதங்கள் சிலவற்றை எழுதிச் சுவரில் மாட்டச் சொன்னார். மருத்துவர் வரும் நேரமும் சாப்பாடு வரும் நேரமும் தவிர யாரும் உள்ளே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். படுத்தபடியே அந்தச் சுவரைப் பார்த்து வாசித்து அழுதுகொண்டிருந்தார். ஆகஸ்ட் 28ஆம் தேதி இறந்தார். வண்டால்கள் அப்போதும் மதிலுக்கு வெளியேதான் இருந்தார்கள்.